ஆலோசகர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள், தூக்கமே கெட்டுவிட்டது. ஸ்டார்ட்அப் நிறுவனர் எப்படிச் சமாளிப்பது?

சந்திப்புக்கு முந்தைய நாளே ஒரு பக்கக் குறிப்பு அனுப்பிவிடுங்கள்: கையிருப்பு எத்தனை மாதம் தாங்கும், எத்தனை வாடிக்கையாளர்கள் விலகினார்கள், இப்போது எடுக்கவேண்டிய ஒரே முடிவு எது. "என்ன செய்யலாம்?" என்று கேட்டால் கருத்துதான் கிடைக்கும். "நீங்கள் விலையை ஏற்றியபோது பழைய வாடிக்கையாளர்களிடம் எப்படிச் சொன்னீர்கள், எத்தனை பேர் போனார்கள்?" என்று கேளுங்கள், அனுபவம் வெளியே வரும். முரண்பாடு பெரும்பாலும் அவரவர் பார்த்த தொழில் வேறு என்பதால்தான். மென்பொருளை நிறுவனங்களுக்கு விற்றவரும் கடைகளுக்குச் சரக்கு விற்றவரும் ஒரே பதிலைச் சொல்லமாட்டார்கள். கேட்ட அன்றே எதையும் மாற்றாதீர்கள். இரண்டு நாள் ஆறப்போட்டு, ஐந்து வாடிக்கையாளர்களிடம் பேசிப் பாருங்கள்.

ஆலோசகருக்கு நிறுவனப் பங்கு கொடுப்பதானால் 0.25 முதல் 1 சதவீதம் போதும். இரண்டு ஆண்டுகளில் மாதாமாதம் சேரட்டும், முதல் மூன்று மாதம் எதுவும் சேரக்கூடாது. மொத்தமாக முன்னாலேயே எழுதிக்கொடுத்தால், பிறகு போனை எடுக்காதவருக்கும் பங்கு நிற்கும்.

வாரத்துக்கு இரண்டு சந்திப்பு போதும். அமெரிக்க ஆலோசகர் என்றால் நள்ளிரவு வேண்டாம், காலை ஏழு மணி கேளுங்கள். மனச்சோர்வை முதலீட்டாளரான ஆலோசகரிடம் கொட்டுவதில் சிக்கல் உண்டு, அடுத்த சுற்று முதலீட்டையும் முடிவு செய்பவர் அவர். வேறு ஸ்டார்ட்அப் நடத்தும் நிறுவனர் ஒருவரிடம் பேசுங்கள். தூக்கமின்மை இரண்டு வாரம் தாண்டினால் மருத்துவரைப் பாருங்கள். இந்தியாவில் அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416, இலவசம், இரவிலும் எடுப்பார்கள்.