வீக்கம், சர்க்கரை, இரத்தப் பிரிவு: கர்ப்பகாலச் சிக்கல்கள் பற்றி மகப்பேறு மருத்துவரின் பதில்கள்

கேள்வி: எனக்கு 32 வாரம். மாலையானால் கால்கள் வீங்குகின்றன. இதை உப்பு நீர் என்று சொல்லி, மாமியார் உப்பை நிறுத்திவிட்டுப் பார்லிக் கஞ்சி தருகிறார். இது போதுமா?

பதில்: மாலையில் கணுக்காலில் தோன்றி, இரவு படுத்தெழுந்ததும் வடிந்துவிடும் வீக்கம் பெரும்பாலான கர்ப்பிணிகளுக்கு வருவதுதான். பார்லிக் கஞ்சியால் கெடுதல் இல்லை. ஆனால் அது இரத்த அழுத்தத்தைக் குறைக்காது. ‘சிறுநீரில் உப்பு’ என்று நம் ஊர்களில் சொல்லப்படுவது உண்மையில் புரதம். பெயரில் நேர்ந்த இந்தக் குழப்பமே பல வீடுகளில் கர்ப்பிணிக்கு உப்பில்லாச் சோறு போட வைத்திருக்கிறது என்பது என் எண்ணம்.

வீக்கத்தைவிட முக்கியமானது அழுத்தத்தின் அளவு. 20 வாரங்களுக்குப் பிறகு அது 140/90-ஐ எட்டி, சிறுநீரில் புரதமும் வெளியேறினால், அதனை முன்சூல்வலிப்பு, அதாவது பிரிஎக்ளாம்ப்சியா என்கிறோம். நஞ்சுக்கொடிக்கு இரத்தம் கொண்டுசெல்லும் கருப்பைக் குழாய்கள் தொடக்க மாதங்களிலேயே போதிய அளவு விரியாமற்போவதில் இந்நோயின் வேர் இருப்பதால், நஞ்சுக்கொடி வெளியேறும்வரை முழுக் குணம் கிடைப்பதில்லை. லேபெட்டலால், நிஃபெடிபைன் போன்ற மாத்திரைகள் தாயைப் பக்கவாதத்திலிருந்து காத்து, குழந்தை வளரச் சில வாரங்களைப் பெற்றுத் தருகின்றன; 37 வாரம் நிறைந்ததும் பிரசவத்தைத் தூண்டுவதே வழக்கம். விடாத தலைவலி, கண் மங்கல், வலப்பக்க மேல்வயிற்று வலி ஆகியவற்றுள் ஒன்று வந்தாலும், அழுத்தம் 160/110-ஐத் தொட்டாலும், விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வலிப்பைத் தடுக்க அங்கே மெக்னீசியம் சல்பேட் செலுத்துவார்கள். பிரசவம் முடிந்த பின்னரும் சில நாள்களுக்கு வலிப்பு வரக்கூடும் என்பதால், வீடு திரும்பிய பிறகும் அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: 26-ஆம் வாரத்தில் குளுக்கோஸ் தண்ணீர் குடித்துப் பார்த்ததில் 168 வந்தது. நான் இட்லி சாப்பிட்டுவிட்டுப் போனேன். அதனால் கூடுதலாகக் காட்டியிருக்குமோ? இன்சுலின் போட்டால் குழந்தைக்கு ஆகாது என்கிறார்களே?

பதில்: இப்பரிசோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை. சென்னையைச் சேர்ந்த நீரிழிவு மருத்துவர் வி. சேஷையா முன்னின்று பரப்பிய முறை இது. பேருந்தேறி வரும் கர்ப்பிணியை மறுநாள் பட்டினியோடு வரச்சொன்னால் பலர் திரும்பி வருவதில்லை என்பதால், சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கச் செய்து, இரண்டு மணி நேரம் கழித்து 140 அல்லது அதற்கு மேல் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். ஆகவே உங்கள் 168-க்கு இட்லியைக் குறை சொல்ல வேண்டாம்.

தாயின் சர்க்கரை நஞ்சுக்கொடியைத் தாண்டும். தாய்க்குப் போடும் இன்சுலின் தாண்டுவதில்லை என்றே கொள்ளலாம். மிகுதியாக வந்து சேரும் சர்க்கரையைச் சமாளிக்கக் குழந்தையின் கணையம் தானே இன்சுலினைக் கூடுதலாகச் சுரக்க, குழந்தை அளவுக்கு மீறிப் பருக்கிறது. பிறந்து தொப்புள்கொடி அறுந்ததும் அதன் சர்க்கரை சட்டென்று இறங்குவதும் இதனால்தான். எனவே குழந்தைக்குக் கெடுதல் செய்வது கட்டுப்படாத சர்க்கரையே. முதலில் இரண்டு வாரம் உணவுமுறையைத் திருத்துவோம். வெறும் வயிற்றில் 95-க்குள்ளும், உணவுக்கு இரண்டு மணி நேரம் கழித்து 120-க்குள்ளும் அடங்காவிட்டால் மெட்ஃபார்மின் மாத்திரை அல்லது இன்சுலின் தேவைப்படும். அரிசிக்குப் பதில் கேழ்வரகுக் கூழ் என்று மாறுபவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: கூழும் மாவுச்சத்துதான், சொம்பு நிறையக் குடித்தால் சோறு செய்வதையே அதுவும் செய்யும். பிரசவமாகி ஆறு வாரத்தில் மறுபடி சோதித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 20 வார ஸ்கேனில் நஞ்சுக்கொடி கீழே இருக்கிறதாம். சிசேரியன்தானா?

பதில்: இப்போதே முடிவு செய்ய வேண்டாம். கருப்பையின் கீழ்ப்பகுதி நீளும்போது பெரும்பாலோருக்கு அது விலகிவிடும். 32-ஆம் வாரத்தையொட்டி மீண்டும் ஸ்கேன் செய்து பார்க்கலாம். அதற்குள் வலியில்லாமல் இரத்தப்போக்கு ஏற்பட்டால், சிறிதளவே ஆனாலும் உடனே சென்றுவிடுங்கள்.

கேள்வி: இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் குழந்தை கறுப்பாகப் பிறக்கும் என்று அம்மா தடுக்கிறார். எனக்கு ஹீமோகுளோபின் 9.

பதில்: கறுப்பது மலம் மட்டுமே; அது எல்லோருக்கும் நேர்வது. கர்ப்பிணிக்கு 11-க்குக் கீழே இருந்தால் இரத்தசோகை. காப்பி, தேநீர், கால்சியம் மாத்திரை ஆகியவற்றோடு சேர்த்து விழுங்கினால் இரும்பு சரிவர உறிஞ்சப்படாது; இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். மாத்திரையால் ஏறாவிட்டாலோ, நாள் நெருங்கிவிட்டாலோ இரும்புச்சத்தை இரத்தக்குழாய் வழியே ஏற்றுவார்கள்.

கேள்வி: என் மனைவி ஓ நெகட்டிவ், நான் பி பாசிட்டிவ். முதல் கர்ப்பம் மூன்றாம் மாதத்தில் கலைந்தது. அப்போது ஊசி எதுவும் போடவில்லை. இப்போது 14 வாரம். பயப்பட வேண்டுமா?

பதில்: முதலில் மறைமுக கூம்ப்ஸ் பரிசோதனை செய்யுங்கள். பாசிட்டிவ் அணுக்களுக்கு எதிரான எதிர்ப்பொருள் உங்கள் மனைவியின் இரத்தத்தில் உருவாகவில்லையென்றால், 28-ஆம் வாரத்தில் அது உருவாகாமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி 300 மைக்ரோகிராம் போட்டு, பிறக்கும் குழந்தை பாசிட்டிவாக இருந்தால் 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று போடுவார்கள். ஏற்கெனவே உருவாகியிருந்தால் அந்த ஊசியால் பயனில்லை; குழந்தை பாசிட்டிவாக இருந்தால் அந்த எதிர்ப்பொருள் அதன் சிவப்பணுக்களை அழிக்கக்கூடும். அப்போது குழந்தையின் மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாயை டாப்ளர் ஸ்கேனில் தொடர்ந்து பார்த்து, இரத்தசோகை தெரிந்தால் கருவில் இருக்கும்போதே இரத்தம் ஏற்றும் வசதியுள்ள மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். இந்த வாரமே அந்த இரத்தப் பரிசோதனையை முடித்து, முதல் கர்ப்பம் கலைந்த விவரத்தையும் மருத்துவரிடம் சொல்லி அட்டையில் எழுதச் செய்யுங்கள்.