மேன்யுமிட் என்ற ஆங்கில வினைச்சொல்லின் பொருள் என்ன? அது எங்கிருந்து வந்தது?

அடிமையாக வைத்திருக்கும் ஒருவரை அவருடைய உடைமையாளரே முறைப்படி விடுவிப்பதைத்தான் மேன்யுமிட் என்பார்கள். கூண்டுப் பறவையையோ சிறைக்கைதியையோ திறந்துவிடுவதற்கு இச்சொல் வராது என்பதால், வெறுமனே ‘விடுவி’ என்று எழுதாமல், ‘அடிமைத்தளையிலிருந்து விடுவி’ என்று சற்று நீட்டியே நான் மொழிபெயர்ப்பது வழக்கம்.

லத்தீனில் மானுஸ் என்றால் கை. மித்தெரே என்றால் அனுப்புதல், போகவிடுதல். இரண்டையும் சேர்த்தால் நம்முடைய ‘கைவிடு’ அப்படியே கிடைக்கிறது. ஆனால் தமிழில் கைவிடப்பட்டவர் ஆதரவற்றவர். ரோமில் அவர் உரிமை பெற்றவர். நம் சொல்லில் இருப்பது தாங்கிப் பிடித்த கை, லத்தீன் சொல்லில் இருப்பது ஆட்டிப்படைத்த கை. (‘அவனைக் கைக்குள் போட்டுக்கொண்டான்’ என்று நாம் சொல்லும்போது வருவதும் அந்த இரண்டாவது கைதான்.)

ரோமில் இதற்கு ஒரு சடங்கே இருந்தது. பிரேட்டர் எனப்பட்ட நீதி அதிகாரியின் முன்னிலையில் ஒரு கோலால் அடிமையைத் தொட்டு, இவர் சுதந்திர மனிதர் என்று அறிவிப்பார்கள். அதுவரை அவரைப் பிடித்திருந்த எஜமானர் அவரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பிடியை விடுவார். விடுதலைக்கு அடிமையின் விலையில் 5 சதவீதம் வரியும் உண்டு. உயில் வழியாகவும் விடுவிக்கலாம். ஒரே உயிலில் எத்தனை பேரை விடுவிக்கலாம் என்பதற்குக் கி.மு. 2இல் ஒரு சட்டம் வரம்பு விதித்தது.

எமான்சிபேட் என்ற சொல்லிலும் இதே மானுஸ் ஒளிந்திருக்கிறது. இன்று அதை அரசோ சட்டமோ தரும் பொது விடுதலைக்கும், மேன்யுமிட் என்பதை உடைமையாளரின் தனிச் செயலுக்கும் பயன்படுத்துவது வழக்கமென்றாலும், அந்தக் கோடு எப்போதும் அழுத்தமாக இருந்ததில்லை. ஜார்ஜ் வாஷிங்டன் 1799இல் எழுதிய உயிலில் ஒரே பத்தியில் இரண்டும் வருகின்றன. தமக்குச் சொந்தமான 123 பேரை மனைவியின் காலத்துக்குப் பின் விடுவிக்க ஏற்பாடு செய்த அவர், மனைவியின் முதல் கணவர் வழிச் சொத்தாக வந்தவர்களை மேன்யுமிட் செய்யத் தமக்கு அதிகாரமில்லை என்கிறார். இரு தரப்பினரும் ஒருவரையொருவர் மணந்து குடும்பமாக இருந்தார்கள். 1801 ஜனவரி 1ஆம் தேதியே அவருடைய மனைவி மார்த்தா வாஷிங்டன் அந்த 123 பேரையும் விடுவித்துவிட்டார். மறுதரப்பைச் சேர்ந்த 153 பேரோ, 1802இல் அவர் இறந்தபின் பேரப்பிள்ளைகளுக்குப் பங்கு பிரிக்கப்பட்டனர்.