நித்திரையில் வீணீர் ஏன் வடிகிறது?

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. ஒவ்வொரு நாளும் விடிய எழுப்பினால் தலையணை நனைந்திருக்கும், கன்னத்தில் வீணீர் காய்ந்து வெள்ளையாய்ப் படிந்திருக்கும். வயிற்றில் பூச்சி என்று மாமி சொல்கிறா. பூச்சிக் குளிசை கொடுத்தும் நிற்கவில்லை. இவரும் வயலால் களைத்து வந்து படுக்கிற நாளில் இப்படித்தான். இது ஏதும் வருத்தமா?
– ஒரு தாய், ஒட்டுசுட்டான்

பதில்: குளிசை கொடுத்ததில் பிழையில்லை, ஆனால் பூச்சி இருப்பது குடலில். நீங்கள் பார்க்க வேண்டிய இடம் மூக்கு.

ஒரு நாளைக்கு அரை லீற்றரிலிருந்து ஒன்றரை லீற்றர் வரை நமக்கு உமிழ்நீர் சுரக்கிறது, விழித்திருக்கும்போது அதை நினைக்காமலே விழுங்கிக்கொண்டிருக்கிறோம். நித்திரையில் சுரப்பது நன்றாகக் குறைந்துவிடும், விழுங்குவதும் எப்போதாவது ஒருக்காத்தான், முகத்துத் தசைகளும் தளர்ந்துவிடும். அதனால் மகனுக்குக் கூடுதலாகச் சுரக்கிறது என்று பயப்பட வேண்டாம். வாய் திறந்திருக்க, ஒருபக்கம் சரிந்தோ குப்புறவோ படுத்தால் இருக்கிற கொஞ்சமும் வெளியே வந்துவிடும். கணவருக்கும் இதேதான், களைத்த நாளில் மட்டும் என்றால் விட்டுவிடுங்கள்.

சரி, மகன் ஏன் ஒவ்வொரு நாளும் வாயைத் திறந்துகொண்டு படுக்கிறான்? மூக்கால் மூச்சுப் போகவில்லை என்பதுதான் அடிக்கடி காணும் காரணம். அறுவடைக் காலத்தில் நெல் வெட்டும் மெசின் கிளப்பும் தூசு, கிரவல் றோட்டுப் புழுதி, இதெல்லாம் ஒவ்வாமை உள்ள பிள்ளையின் மூக்கை அடைக்கும். இல்லாவிட்டால் மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு என்ற சதை வீங்கியிருக்கலாம், இந்த வயதுப் பிள்ளைகளில் அது புதினமில்லை. இன்றிரவே அவன் நித்திரையான பிறகு பக்கத்தில் இருந்து கேளுங்கள்: குறட்டை விடுகிறானா, நடுவில் மூச்சு நின்று திணறுகிறானா, பகலில் பள்ளிக்கூடத்தில் தூங்கி வழிகிறானா? இதில் ஒன்று இருந்தாலும் ஆஸ்பத்திரியில் காட்டி, காது மூக்கு தொண்டைக் கிளினிக்குக்குக் கடிதம் கேளுங்கள், தள்ளிப் போடாதீர்கள். பிள்ளையின் நித்திரை கெட்டால் படிப்பும் குணமும் சேர்ந்து கெடும். வீணீர் வடிகிறான் என்று யாரும் அவனைப் பகிடி பண்ண விடவும் வேண்டாம்.

பெரியவர்களில் நெஞ்செரிவும் சில மனநோய்க் குளிசைகளும் வீணீரைக் கூட்டும், அதற்காகக் குளிசையைத் தாங்களாக நிறுத்தக் கூடாது, எழுதித் தந்த டொக்டரிடம் சொல்ல வேண்டும். சடுதியாக வாய் ஒருபக்கம் கோணி வீணீர் வடிந்தால், பேச்சும் குழறினால், அது பாரிசவாதமாக இருக்கலாம், உடனே 1990க்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

உங்கள் கணவர் வயல்காரர் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். மருந்தடித்துவிட்டு வந்த நாளில் வீணீரோடு வியர்வையும் கண்ணீரும் கொட்டி, வாந்தியோ மூச்சுத் திணறலோ வந்தால் அது களைப்பில்லை. சில பூச்சிகொல்லிகள் உடம்பில் ஏறினால் நரம்புகள் சுரப்பிகளை நிற்காமல் தூண்டும், கண்மணியும் ஊசிமுனை போலச் சுருங்கிவிடும். படுத்தால் சரியாகும் என்று விடாதீர்கள், உடுப்பைக் கழற்றி, உடம்பைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், அடித்த மருந்தின் போத்தலையும் கையோடு எடுத்துப் போங்கள்.