ராலி பந்தயத்தில் பணம் போடுவது கார் கம்பெனிகளுக்கு விளம்பரமாக லாபம் தருமா?

தரும், ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது. எதைக் காட்டி ராலியில் ஜெயிக்கிறார்களோ, அது ஷோரூமில் நிற்கும் காரிலும் இருக்க வேண்டும். நான் கோவையில் ஒரு டீலர்ஷிப்பில் பல வருடம் கார் விற்றவன். பள்ளிக்கூட நாளிலிருந்தே ராலிப் பைத்தியம். இரண்டையும் சேர்த்து வைத்துத்தான் சொல்கிறேன்.

முதலில் ஆடி. 1980-ல் குவாட்ரோ என்ற கார் வருவதற்கு முன்பு ஆடியை மெர்சிடிஸ், பிஎம்டபிள்யூ வரிசையில் வைத்துப் பேசியவர்கள் குறைவு. நாலு சக்கரத்துக்கும் இன்ஜின் விசை போகும் ஏற்பாடு, அதாவது ஆல் வீல் டிரைவ், அப்போது பெரும்பாலும் ஜீப், லாரி சமாச்சாரம். அதை ஒரு கூபே காரில் வைத்து 1981-ல் உலக ராலிக்கு இறக்கினார்கள். பனியிலும் சரளையிலும் மற்ற கார்கள் சக்கரம் சுழன்று திணறிய இடத்தில் இது தரையைப் பிடித்துக்கொண்டு பாய்ந்தது. அந்த வருடமே சான்ரெமோ ராலியை மிஷேல் மூட்டோன் வென்றார். உலக ராலி சாம்பியன்ஷிப்பில் ஒரு போட்டியை ஜெயித்த முதல் பெண் அவர்தான். 1982-லும் 1984-லும் கார் கம்பெனிக்குக் கொடுக்கும் தயாரிப்பாளர் பட்டம் ஆடிக்கு வந்தது.

பட்டத்தைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது, அதே ஏற்பாட்டை 1982-லேயே ஆடி 80 என்ற குடும்ப செடானிலும் கொடுத்தார்கள் என்பது. 1986-ல் ஒரு ஆடி 100 செடானை, பின்லாந்தில் பனிச்சறுக்கு வீரர்கள் தாவுகிற மேடையின் சரிவில் கீழேயிருந்து மேலே ஏற்றி விளம்பரம் எடுத்தார்கள். ஓட்டியவர் ஒரு ராலி டிரைவர். காட்டுக்குள் சம்பாதித்த பெயரை டாக்டரும் வக்கீலும் வாங்குகிற காருக்குக் கொண்டுவந்து சேர்த்தது அந்தப் படம்.

சுபாரு இன்னும் நல்ல உதாரணம். அவர்களுடைய ராலி கார் இம்ப்ரெஸா: நீல நிற உடம்பு, தங்க நிறச் சக்கரம், பக்கவாட்டில் மஞ்சளில் பெரிதாக ஸ்பான்சர் சிகரெட்டின் பெயரான 555. 1995-ல் அதை ஓட்டிய காலின் மெக்ரே டிரைவர் பட்டம் வாங்கினார். 1995 முதல் 1997 வரை மூன்று வருடமும் தயாரிப்பாளர் பட்டம் சுபாருவுக்கே. டொயோட்டாவோடு ஒப்பிட்டால் சின்ன கம்பெனி. அவ்வளவு பெயரை டிவி விளம்பரத்தில் விலைக்கு வாங்கியிருக்க முடியாது. அன்றைய குரூப் ஏ விதிப்படி ஆயிரக்கணக்கில் தயாரித்த காரைத்தான் ராலிக்குக் கொண்டுவர முடியும். அதனால் இம்ப்ரெஸா டபிள்யூஆர்எக்ஸ் வாங்கியவருக்கு மெக்ரே ஓட்டிய காரின் அதே பாக்ஸர் டர்போ இன்ஜின் வகையும் ஆல் வீல் டிரைவும் கிடைத்தன. 2008 டிசம்பரில் சுபாரு உலக ராலியிலிருந்து விலகிவிட்டது. இன்றைக்கும் நீல இம்ப்ரெஸாவைப் பார்த்தால் தங்க நிறச் சக்கரம் போடத் தோன்றுகிறது மக்களுக்கு. விலகிய பிறகுதான் அமெரிக்காவில் அதன் விற்பனை எகிறியது என்று சிலர் வாதாடுவார்கள். அது உண்மைதான். அங்கே குடும்பஸ்தர்கள் வாங்கியது ஃபாரெஸ்டரும் அவுட்பேக்கும். ஆனால் அவற்றிலும் இருந்தது ஆல் வீல் டிரைவ்தானே?

ஜெயித்தால் மட்டும் போதாது என்பதற்கு லான்சியா சாட்சி. மொத்தம் 10 தயாரிப்பாளர் பட்டங்கள். அதில் 1987 முதல் 1992 வரை தொடர்ந்து ஆறு, எல்லாம் டெல்டாவை வைத்து. 1993-ல் அடுத்த தலைமுறை டெல்டா வந்தபோது அதில் இன்டெக்ராலே என்ற ஆல் வீல் டிரைவ் மாடல் கிடையாது, முன்சக்கர விசை மட்டும்தான். ராலி பார்த்து ஆசைப்பட்டு வந்தவனுக்கு வாங்க ஒன்றும் வைக்கவில்லை. 2017 வாக்கில் லான்சியா இத்தாலியில் மட்டும், இப்சிலான் என்ற ஒரே ஒரு மாடலை விற்கும் பிராண்டாகச் சுருங்கிவிட்டது. ராலி ரசிகன் யாருக்கும் இதைச் சொல்லும்போது மனசு கனக்கும்.

நம்ம ஊர்க் கதையும் இதேதான். ஹூண்டாய் ஐ20-யின் ஸ்போர்ட்டி மாடலான 'என் லைன்' பார்க்க ஒரு அப்பாவும் மகனும் வந்திருந்தார்கள். பையன் நேராகக் காரின் பின்பக்கம் போய்க் குத்துக்காலிட்டு இரட்டைப் புகைக்குழாயைப் பார்த்தான். "அண்ணா, ராலியில நியூவில் ஓட்டுறது இதுதானே?" என்று ஹூண்டாயின் ராலி டிரைவரைச் சொல்லிக் கேட்டான். அப்பா என்னிடம், "ஏனுங் தம்பி, மைலேஜ் எவ்வளவு குடுக்குமுங்க?" என்றார். பையனுக்கு நான் உண்மையைச் சொன்னேன்: இது 1 லிட்டர் டர்போ, 'ஐ20 N' என்ற 1.6 லிட்டர் கார் ஐரோப்பாவில்தான். முகம் வாடிவிட்டது. இருந்தாலும் அப்பாவை ஷோரூம் படி ஏற வைத்தது ராலிதான், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கடைசியில் அவர்கள் புக் பண்ணியது சாதாரண ஐ20.

இந்திய ராலி டிரைவர் கௌரவ் கில் 2013, 2016, 2017 என்று மூன்று முறை ஸ்கோடா ஃபேபியாவில் ஆசிய பசிபிக் ராலிப் பட்டம் வாங்கினார். ஆனால் இந்தியாவில் ஃபேபியா விற்பனையை 2013-லேயே நிறுத்திவிட்டார்கள். கில் ஜெயித்த செய்தியைப் படித்துவிட்டு இங்கே ஒருவர் ஃபேபியா வாங்க நினைத்தால் வழியில்லை. கில் ஓட்டிய அணியின் பெயரில் ஸ்கோடாவோடு சேர்ந்திருந்த சென்னை டயர் கம்பெனி எம்.ஆர்.எஃப்.-க்கு அந்தச் சிக்கலே இல்லை, டயர் எல்லா ஊரிலும் கிடைக்கும்.

டிவியில் காட்ட ராலி கஷ்டமான விளையாட்டு என்பதும் நிஜம். ஒவ்வொரு காராகக் கடிகாரத்தை எதிர்த்து ஓடுகிறது. முந்துவது, உரசுவது எதுவும் கண்ணுக்குத் தெரியாது. ராலியில் பெயர் வாங்கிய ஆடியே 2026-ல் ஃபார்முலா 1-க்குப் போய்விட்டது. வெறும் கண்பார்வைக்கு லோகோ காட்டத்தான் பணம் என்றால் நானும் ராலியைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ஆனால் டொயோட்டா செய்த மாதிரி செய்யலாம். 2017-ல் உலக ராலிக்குத் திரும்பி வந்தார்கள், 2020-ல் ஜிஆர் யாரிஸ் என்ற காரைக் கொண்டுவந்தார்கள். சாதாரண யாரிஸுக்கு ஸ்டிக்கர் ஒட்டிய வேலை இல்லை. மூன்று கதவு உடம்பு தனி, 1.6 லிட்டர் மூன்று சிலிண்டர் டர்போ தனி, ஆல் வீல் டிரைவ் தனி, எல்லாமே ராலியை மனதில் வைத்துச் செய்தது. ராலி பார்த்தவன் காசைக் கொடுத்து அதை வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போகலாம். அந்தக் காரை இந்தியாவில் விற்பதில்லை என்பது எனக்குத் தீராத குறை.