டர்பனில் எந்தப் பக்கம் வீடு பார்ப்பது?

சென்னை, கோவை, ஜோஹன்னஸ்பர்க் என்று பல ஊர்களிலிருந்து டர்பனுக்கு வேலை மாறி வருகிறவர்களும், இங்கேயே பிறந்து வளர்ந்து வீடு மாற நினைப்பவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. வங்கிக் கடனுக்காக வீடுகளை மதிப்பிடுவது என் தொழில். வடக்கே பாலிட்டோவிலிருந்து மேற்கே ஹில்கிரெஸ்ட் வரை, வேலை நாள் முழுக்க அடுத்தவர் வீடுகளில்தான் இருப்பேன். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அக்கா, எனக்கு உம்லாங்கா ரிட்ஜில் ஐ.டி. வேலை. கணவருக்கு ப்ராஸ்பெக்டனில் கார் தொழிற்சாலையில் வேலை. எல்லாரும் உம்லாங்காவையே சொல்றாங்க. கடல் தெரியுற ஃபிளாட் ஒண்ணு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. எடுத்துடலாமா?

உங்கள் ஒருவருக்கு மட்டும்தான் வேலை என்றால் யோசிக்காமல் எடுங்கள் என்பேன். உம்லாங்கா நகரத்துக்கு வடக்கே சுமார் 17 கிலோமீட்டர். ப்ராஸ்பெக்டன் தெற்கே, பழைய விமான நிலையத்தை ஒட்டி இருக்கிறது. உங்கள் கணவர் காலையும் மாலையும் மொத்த நகரத்தையும் தாண்டியாக வேண்டும். நம்பி ஏறக்கூடிய ரயில் கிடையாது, கார்தான்.

உங்கள் இருவருக்கும் வெஸ்ட்வில் பொருந்தும். என்2, என்3 இரண்டு நெடுஞ்சாலைகளும் சந்திக்கும் இடத்தை ஒட்டிய பகுதி அது. நீங்கள் வடக்கே திரும்பலாம், அவர் தெற்கே திரும்பலாம். கடல் தெரியாது, ஆனால் இருவரும் இரவுச் சாப்பாட்டுக்கு ஒரே நேரத்தில் வீட்டில் இருப்பீர்கள். முடிவெடுப்பதற்கு முன் வேலை நாள் ஒன்றில், காலை ஆறே முக்காலுக்கு, அந்த ஃபிளாட் வாசலிலிருந்து தொழிற்சாலை கேட் வரை ஓட்டிப் பாருங்கள். ஷோ ஹவுஸ் (வாங்க வருகிறவர்கள் பார்க்க வீட்டைத் திறந்துவைப்பது) வைப்பது ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு பிற்பகலில் டர்பனில் எல்லா இடமும் பக்கத்தில்தான் இருக்கும்.

கேள்வி: அதே விலைக்கு கிளூஃப், ஹில்கிரெஸ்ட் பக்கம் பெரிய தோட்டத்தோட தனி வீடே கிடைக்குதே? ஏன் யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க?

நான் சொல்கிறேன், அருமையான பகுதி. கிளூஃப் கடல் மட்டத்திலிருந்து 500 மீட்டருக்கு மேலே இருக்கிறது. பிப்ரவரியில் உம்லாங்காவில் சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும்போது அங்கே ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்கலாம். குளிர்காலத்தில் கம்பளி தேவைப்படும். பல காலைகளில் மூடுபனி இறங்கிவிடும்.

விலை குறைவாக இருப்பதற்குக் காரணம் சாலைதான். துறைமுகத்திலிருந்து ஜோஹன்னஸ்பர்க் போகும் லாரிகள் எல்லாம் என்3 வழியாகத்தான் போகின்றன. ஒரு லாரி கவிழ்ந்தால் போதும், காலை முழுக்கப் போச்சு. அகலப்படுத்தும் வேலையும் சில ஆண்டுகளாக நடக்கிறது. மாற்றுவழி எம்13. அதில் பைன்டவுனுக்கும் கிளூஃபுக்கும் நடுவே ஃபீல்ட்ஸ் ஹில் என்ற செங்குத்தான இறக்கம். 2013 செப்டம்பரில் பிரேக் பிடிக்காத லாரி ஒன்று அங்கே மோதி 24 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் கனரக லாரிகளை அந்த இறக்கத்தில் விடுவதை நிறுத்தினார்கள்.

வீட்டு விளம்பரத்தில் வராத ஒன்றையும் சொல்கிறேன். மேற்கிலிருந்து நகரத்துக்கு ஓட்டினால் காலையில் சூரியன் நேராகக் கண்ணில் அடிக்கும். மாலையில் திரும்பும்போது மறுபடியும் எதிரே இருக்கும். வடக்கிலிருந்து வருகிறவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை செய்பவர் என்றால் தாராளமாக ஹில்கிரெஸ்ட் போங்கள். தினமும் ஓட்டுகிறவருக்கு நான் வெஸ்ட்வில் தாண்டிச் சொல்வதில்லை.

கேள்வி: ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து மூணு மாசம் தங்குவாங்க. ரெண்டு பேருக்கும் கார் ஓட்டத் தெரியாது. அவங்களுக்கு எந்த இடம் நல்லது?

இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தேன். பணக்காரப் பகுதிகள் எல்லாம் காரை நம்பிக் கட்டப்பட்டவை. உயரமான மதில், மேலே மின்வேலி, வாசலில் தானியங்கி கேட். பல தெருக்களில் நடைபாதையே கிடையாது. நம் ஊரில் காலையில் பால் வாங்க, கோயிலுக்கு, பேப்பர் கடைக்கு என்று நாலு தடவை வெளியே போய்வந்த மனிதரை அந்த வீட்டில் விட்டுவிட்டு நாம் வேலைக்குப் போய்விடுகிறோம். முதல் வாரம் தோட்டம் அழகு என்பார். மூன்றாவது வாரம் டிக்கெட்டை முன்னாடியே மாற்ற முடியுமா என்று கேட்பார். எத்தனையோ வீடுகளில் இதைப் பார்த்து மனம் கனத்திருக்கிறது.

கடலோர உம்லாங்காவை (மேலே இருக்கும் ரிட்ஜ் அல்ல, கீழே பழைய பகுதி) இதற்காகவே பரிந்துரைப்பேன். சிவப்பு வெள்ளைக் கலங்கரை விளக்கத்தை ஒட்டிக் கடற்கரை நெடுக நடைபாதை போகிறது. காலையில் எல்லா நிறத்து மனிதர்களும் நடப்பார்கள், வணக்கம் சொல்வார்கள். கடை, மருந்தகம், காபி எல்லாம் நடக்கும் தூரத்தில். வாடகை அதிகம், வீடு சின்னது. பெற்றோர் வருடா வருடம் வருவார்கள் என்றால் ஓர் அறையை விட்டுக்கொடுத்தாவது அங்கே இருக்கலாம்.

அது கட்டுப்படியாகாவிட்டால் கேட்டட் எஸ்டேட், அதாவது சுற்றுமதிலும் காவலும் உள்ள குடியிருப்பு. உள்ளே பயமின்றி நடக்கலாம். கிளூஃபில் மட்டும் வேண்டாம். அங்கே அவர்களுக்குத் துணை குரங்குகள்தான், சமையலறை ஜன்னல் திறந்திருந்தால் வாழைப்பழத்தோடு போய்விடும்.

கேள்வி: எஸ்டேட்டுன்னு சொன்னீங்க. மவுண்ட் எட்ஜ்கம், பாலிட்டோ பக்கம் பார்க்கிறோம். விதிமுறைகள் ரொம்பக் கடுமைன்னு கேள்விப்பட்டோம்.

கடுமைதான். மவுண்ட் எட்ஜ்கம் எஸ்டேட்டுக்குள் 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் அபராதம் போட்டார்கள். பொதுச் சாலையில் அபராதம் போட எஸ்டேட் வீட்டு உரிமையாளர் சங்கத்துக்கு என்ன அதிகாரம் என்று ஒருவர் வழக்குப் போட்டார். 2017-ல் மாகாண உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2019-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றிவிட்டது. வீடு வாங்கும்போது கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம்தான் விதி, மீற முடியாது என்றது. அதனால் விதிப் புத்தகத்தை முதலில் கேட்டு வாங்குங்கள். பால்கனியில் துணி காயப்போடலாமா, வாசலில் பந்தல் போட்டு விசேஷம் வைக்கலாமா, ஓட்டின் நிறம் என்ன என்பது வரை அதில் இருக்கும்.

பாலிட்டோ பற்றித் தனியாக ஒன்று. அது டர்பன் மாநகராட்சியான எதெக்வினியில் இல்லை, குவாடுகுசா நகராட்சியில் இருக்கிறது. ரேட்ஸ் (சொத்து வரி) கணக்கு வேறு, தண்ணீர் கொடுப்பதும் தனியார் நிறுவனம். வழியில் டொங்காட் டோல் கேட் உண்டு. விமான நிலையம் பக்கம். நகரத்துக்கு தினமும் வருவது என்றால் தூரம்.

இந்த இரண்டு பகுதிகளும் கரும்பு நிலமாக இருந்தவை. இன்னும் சுற்றிலும் கரும்பு இருக்கிறது. ஏப்ரலிலிருந்து டிசம்பர் வரை வெட்டும் பருவத்தில் தோட்டத்தைக் கொளுத்துவார்கள். காய்கிற வெள்ளை வேட்டியில் கருகிய தோகை நூல் நூலாக வந்து விழும், தட்டினால் கோடு போட்டுவிடும்.

கேள்வி: அக்கா, நான் சாட்ஸ்வொர்த்தில் பிறந்தவன். என் தமிழ் ஆயாவிடம் கற்றது, பிழை இருந்தால் மன்னிக்கவும். மனைவிக்கு உம்லாங்கா ஆசை. அம்மா சாட்ஸ்வொர்த்தை விட்டு வர மாட்டார்கள். நான் போகலாமா?

உங்கள் தமிழ் நன்றாக இருக்கிறது தம்பி, ஒரு பிழையும் இல்லை.

கேட்டோ மேனரிலிருந்து நம் மக்களைப் பெயர்த்து சாட்ஸ்வொர்த்தில் குடியேற்றியது 1950-ன் குரூப் ஏரியாஸ் சட்டம், எந்த இனத்தவர் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த சட்டம். உம்லாங்காவில் வீடு வாங்க அன்று உங்கள் தாத்தாவிடம் பணம் இருந்திருந்தாலும் சட்டம் விட்டிருக்காது. இன்று உங்களால் முடிகிறது. அதில் குற்ற உணர்ச்சிக்கு இடமே இல்லை.

ஆனால் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று இரவு போன் வந்தால் எவ்வளவு நேரத்தில் போய்ச் சேருவீர்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள். வெஸ்ட்வில், ரிசர்வாயர் ஹில்ஸ் இரண்டும் அம்மாவுக்குப் பக்கம். பங்களாதேஷ் மார்க்கெட்டுக்கு வெள்ளி, சனியில் போய் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாங்கி, அம்மாவையும் பார்த்துவிட்டு வரலாம். கேட்டோ மேனர் அம்பலவாணர் ஆலயமும் அருகில்தான். மனைவியிடம் இரண்டு இடத்தையும் ஒரே நாளில் காட்டுங்கள், முடிவை அவரும் சேர்ந்து எடுக்கட்டும்.

கேள்வி: கரண்ட், தண்ணி நிலவரம்?

லோட்ஷெட்டிங் (முறைவைத்து மின்வெட்டு) 2023-ல் உச்சத்தில் இருந்தது. 2024 மார்ச்சுக்குப் பிறகு பெரிதும் அடங்கிவிட்டது. இன்று தண்ணீர்தான் கவலை, வடக்குப் பகுதிகளில் கூடுதலாக. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டொங்காட் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி அந்த ஊர் மாதக்கணக்கில் டேங்கர் லாரிக்குக் காத்து நின்றது. நம் ஊர் சின்டெக்ஸ் போல இங்கே ஜோஜோ டேங்க். வீட்டில் அது இருக்கிறதா, பம்ப்போடு குழாயில் இணைத்திருக்கிறதா, அல்லது தோட்டத்துக்கு மட்டுமா என்று பாருங்கள்.

கேள்வி: பள்ளிக்கூடம்?

பள்ளியை முதலில் முடிவுசெய்து, பிறகு அதன் எல்லைக்குள் வீடு பாருங்கள். வெஸ்ட்வில் பாய்ஸ் ஹை, கேர்ள்ஸ் ஹை, டர்பன் நார்த்தில் நார்த்வுட், டான்வில் பார்க் எல்லாம் அரசுப் பள்ளிகள், ஆனால் கட்டணம் உண்டு. கல்வியாண்டு ஜனவரியில் தொடங்கும். நம் ஊர்க் கணக்கில் ஜூனில் வந்து இறங்கினால் இடம் கிடைப்பது சிரமம்.

கேள்வி: மதிப்பிடப் போகும்போது நீங்கள் முதலில் எதைப் பார்ப்பீர்கள்?

மதில் சுவரை. டர்பனின் கடலோர மேடுகள் பெரும்பாலும் பெரேயா சிவப்பு மணல். காய்ந்திருக்கும்போது கல் மாதிரி நிற்கும், நனைந்தால் கரைந்து இறங்கும். 2022-ல் உம்டுலோட்டியில் கடல் பார்த்த அடுக்குமாடிகளுக்குள் மேட்டு மண் புகுந்தது இப்படித்தான். சரிவில் வீடு என்றால் தாங்குசுவரின் அடிப்பகுதிக்குப் போய் குனிந்து பாருங்கள். தண்ணீர் வடிய விட்ட துளைகள் இருக்க வேண்டும், அடைபட்டிருக்கக் கூடாது. சுவர் நடுவில் வயிறு தள்ளியிருந்தால் நான் உள்ளே போகும் முன்பே குறித்துக்கொள்வேன். புதுசாக அடித்த பெயின்ட்டில் ஒரு இடம் மட்டும் வேறு நிறமாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

அடுத்தது வரைபடம். பின்னால் கட்டிய கிரானி ஃபிளாட்டுக்கு (வளாகத்திலேயே இருக்கும் சின்னத் தனி வீடு) மாநகராட்சி அனுமதித்த பிளான் இல்லையென்றால் வங்கி இழுத்தடிக்கும்.

ஃபிளாட் என்றால் பாடி கார்ப்பரேட்டின் (ஃபிளாட் உரிமையாளர் சங்கம்) கடைசிக் கூட்டக் குறிப்பையும் 10 ஆண்டுப் பராமரிப்புத் திட்டத்தையும் கேளுங்கள். அதை வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். கடலோரத்தில் உப்புக்காற்று கைப்பிடிக் கம்பி, கேட் மோட்டார், லிஃப்ட் எல்லாவற்றையும் தின்றுவிடும். திட்டம் இல்லாத கட்டடத்தில் திடீரென்று ஸ்பெஷல் லெவி, அதாவது உரிமையாளர்களிடம் கூடுதல் வசூல், வந்து நிற்கும்.

கேள்வி: வந்ததும் வாங்கிடலாமா, வாடகைக்கு இருக்கலாமா?

ஒரு வருடம் வாடகை. மழைக்காலம் ஒன்று, பள்ளி சேர்க்கை ஒன்று, உங்கள் சாலையின் நெரிசல் எல்லாம் பார்த்துவிட்டு வாங்குங்கள். பழைய வீட்டுக்கு விலையோடு டிரான்ஸ்ஃபர் டியூட்டி (சொத்து கைமாறும் வரி) உண்டு. 2025 ஏப்ரலிலிருந்து 12 லட்சத்து 10 ஆயிரம் ராண்ட் வரை அது கிடையாது, அதற்கு மேல்தான். கட்டுநரிடம் நேரடியாகப் புது வீடு வாங்கினால் விலையிலேயே 15 சதவீத வாட் அடக்கம், டியூட்டி இல்லை.

வாடகைக்கு எடுத்தால், குடிவருமுன் வீட்டுக்காரரோடு சேர்ந்து வீட்டைச் சுற்றிப் பார்த்து, ஓட்டை உடைசலை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். டெபாசிட்டை வட்டி தரும் கணக்கில்தான் அவர் போட வேண்டும், வட்டி உங்களுக்குத்தான். குளியலறைக் கூரையில் கருப்புப் பூஞ்சை இருந்தால் அன்றே போட்டோ எடுத்து மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள்.