ஜாமினி ராயின் மூன்று பெண்கள்: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: அண்ணா, ஜாமினி ராய் வரைந்த, மூன்று பெண்கள் வரிசையாக நின்று கும்பிடும் படத்தைப் பார்த்தேன். மூவருக்கும் ஒரே முகம். இதில் கதை என்ன?

பதில்: கதையைத் தேடாதீர்கள் தம்பி. கும்பிடுகிறார்கள், அவ்வளவுதான். யார் முகம் என்பது அவருக்கு முக்கியமில்லை. 1887-ல் வங்காளத்தின் பாங்குரா மாவட்டக் கிராமம் ஒன்றில் பிறந்தவர், மண் பொம்மைகளையும், கிராமத்துக் கதைச் சுருள்கள் வரையும் பட ஓவியர்களையும் பார்த்து வளர்ந்தவர். பொம்மை செய்பவர் ஒரே உருவத்தைத் திரும்பத் திரும்பச் செய்வார் இல்லையா, அந்தத் தாளம்தான் இங்கே மூன்று உருவங்களாக நிற்கிறது.

கேள்வி: சேலையில் மடிப்பே சரியாக இல்லையே, வரையத் தெரியாதவர் மாதிரி இருக்கிறது.

பதில்: இதைக் கேட்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். கல்கத்தா அரசு ஓவியப் பள்ளியில் படித்து, ஐரோப்பிய பாணியில் எண்ணெய் வண்ண உருவப்படங்கள் வரைந்து பிழைத்தவர் அவர். நிழல், மடிப்பு எல்லாம் கைவந்த கலை. 1920-களில் அதையெல்லாம் வேண்டுமென்றே விட்டார். கல்கத்தாவின் காளிகாட் கோயில் வாசலில் யாத்ரீகர்களுக்கு விற்ற படங்களின் கோட்டுப் பாணியைப் பிடித்துக்கொண்டார், பிறகு அதிலும் நகரத்து வாடை இருக்கிறது என்று கிராமத்துப் படங்களுக்கே திரும்பினார். சேலைக் கரையை மட்டும் பாருங்கள், தலையில் தொடங்கி தோளில் வளைந்து கீழே இறங்கும் அந்த ஒரு பட்டைதான் உடம்பு எப்படி நிற்கிறது என்று சொல்கிறது. துணியை விட்டுவிட்டுக் கரையை வைத்தே ஆளை நிறுத்திவிட்டார்!

கேள்வி: கண் ஏன் அவ்வளவு நீளம்? நம் ஊர் மீன்விழி மாதிரியா?

பதில்: பார்க்க அப்படித்தான், ஆனால் இது வங்கப் பட ஓவியர்களின் கண். சில படங்களில் கருவிழியே இருக்காது.

கேள்வி: நிறம் மங்கலாக, மண் மாதிரி இருக்கிறதே?

பதில்: மண்ணேதான் அக்கா! மண், சுண்ணாம்புக்கட்டி, விளக்குக் கரி, ஒட்டுவதற்குப் புளியங்கொட்டைப் பசை. எண்ணெய் வண்ணத்தின் மினுமினுப்பு இதில் வராது.

கேள்வி: தாத்தா வீட்டில் இதே மாதிரி ஒன்று கிடக்கிறது. அசலா?

பதில்: படத்தைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. சாதாரணக் குடும்பங்களும் வாங்கட்டும் என்று ஒரே படத்தைப் பல முறை வரைந்து மலிவாக விற்றவர், அவருடைய பட்டறையிலும் பலர் வேலை செய்தார்கள். அதனால் இன்னொன்று இருக்கிறது என்பதற்காக உங்களுடையது போலி ஆகாது, கையெழுத்து இருப்பதால் அசலும் ஆகாது. முதலில் ஈரம் படாமல் எடுத்து வையுங்கள், இந்த வண்ணத்துக்குத் தண்ணீர் ஆகாது, துடைக்கவே வேண்டாம். அப்புறம் நேரில் பார்க்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். அசல் என்றால் வெளிநாட்டுக்கு விற்க முடியாது, 1976-லேயே அவர் படைப்புகளை நாட்டின் கலைச் செல்வம் என்று அறிவித்துவிட்டார்கள்.