வறண்ட குட்டையை நம்பியிருக்கும் தவளை

ஐயா, வணக்கம். குடியாத்தம் பக்கம் கிராமம். ஆடியில் நிலக்கடலைக்கு ஏர் ஓட்டும்போது மண்ணுக்குள்ளிருந்து ஒரு தவளை வந்தது. உப்பிய உருண்டை உடம்பு, மிகச் சிறிய வாய். வரப்போரம் விட்டேன். மண்ணுக்குள் வாழும் மரத்தவளை என்று யூடியூபில் பார்த்தேனே, அதுவா இது? ஊர்க் குட்டை முக்கால்வாசி நாள் காய்ந்தே கிடக்கிறது என்று அதை மூடித் திடலாக்கப் போகிறார்கள். தவளைக்குப் பாதிப்பு வருமா?

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் பார்த்த காணொளி ஸ்மிலிஸ்கா ஃபோடியன்ஸ் என்ற தவளையைப் பற்றியதாக இருக்கும். மெக்சிகோவின் மேற்குப் பகுதியிலும், அமெரிக்காவில் அரிசோனாவின் தென்கோடியிலும்தான் அது உண்டு. 1882இல் புலெஞ்சர் என்ற விலங்கியலாளர் அதை விவரித்தார். மரத்தவளைக் குடும்பம்தான், ஆனால் வறட்சியில் மண்ணுக்குள் போய்விடும். உரியும் தோலை உதறாமல் அடுக்கடுக்காக மேலேயே போர்த்திக்கொண்டு, உடம்பின் ஈரத்தைக் காத்து, மழைக்குக் காத்திருக்கும்.

உங்கள் நிலத்தில் வந்தது அதுவல்ல. குளியலறைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்குமே நம் பக்கத்து மரத்தவளை, அதுவும் அல்ல. அதற்கு மண் தோண்டத் தெரியாது. நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் யூபெரோடான் சிஸ்டோமாவாக இருக்கலாம். 1799இலேயே அறிவியல் பதிவில் ஏறிய நம் நாட்டுத் தவளை. அதன் பின்பாதத்தின் அடியில் மண்வெட்டி போல் கெட்டியான மேடு இருக்கும். அதை வைத்து மண்ணைத் தள்ளித் தள்ளிப் பின்பக்கமாகவே இறங்கும். கடைசியில் முகம் மறையும். கரையானும் எறும்பும்தான் சாப்பாடு. வரப்போரம் விட்டீர்களே, நல்ல காரியம்.

சரி, குட்டைக்கு வருகிறேன். கட்டாயம் பாதிப்பு வரும். ஆண்டில் பெரும்பகுதி மண்ணுக்குள் கிடக்கும் இந்தத் தவளை, பெருமழை கொட்டியதும் வெளியே வந்து தேங்கிய நீரில்தான் முட்டையிடும். முட்டைகள் நீர்மேல் படலமாக மிதக்கும். தண்ணீர் வற்றுவதற்குள் தலைப்பிரட்டைகள் கால் முளைத்துக் கரையேறிவிட வேண்டும். குட்டை காய்ந்துபோவதைக் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு அதுதான் அதன் பெரிய பலமாகத் தெரிகிறது. காய்ந்துபோகிற இடத்தில் மீன் நிலைக்காது. மீன் இல்லாததால் முட்டையும் தலைப்பிரட்டையும் தப்பிக்கின்றன. இளகிய மண்ணுள்ள நிலமும் மழைக்குட்டையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் இந்தத் தவளைக்கு வாழ்க்கை.

பிள்ளைகளுக்குத் திடல் வேண்டும்தான். அதற்கு வேறு இடம் பார்க்கச் சொல்லி கிராம சபையில் எழுந்து பேசுங்கள். ‘மூட வேண்டாம், ஜேசிபி விட்டு ஆழமாக்கி மீன் வளர்ப்போம்’ என்று யாராவது சமாதானம் சொல்வார்கள். அதற்கும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அன்புடன்.